வேலூரில் மசாஜ் மையம் திறக்க லைசென்ஸ் வாங்கிய அனுபவம்

மசாஜ் தெரபிஸ்ட் ஆக எங்கே லைசென்ஸ் தருகிறார்கள் என்று நான் கேட்டவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பதுபோல் இந்தத் தொழிலில் இருப்பவர்களைப் பதிவு செய்ய இங்கே கவுன்சில் கிடையாது. ஆளுக்குக் கிடைப்பது திறன் சான்றிதழ், இடத்துக்குக் கிடைப்பது மாநகராட்சியின் தொழில் உரிமம். நடுவில் போலீஸ் சரிபார்ப்பு. மூன்றையும் வாங்கிய பிறகுதான் வேலூரில் பெண்களுக்கு மட்டுமான என் சின்ன மையத்தைத் திறந்தேன்.

கைவேலை எனக்கு மாமியார் சொல்லிக்கொடுத்தது. பிள்ளை பெற்றவர்களுக்கும் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட சத்துவாச்சாரி பக்கம் அவங்களைத்தான் கூப்பிடுவார்கள். கூடவே போய்ப் பழகினேன். அப்புறம் காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கியிருக்கும் வெளிமாநிலப் பெண்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ நோயாளியைக் கூட்டிக்கொண்டு சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து, வாரக்கணக்கில் கிடைத்த இடத்தில் படுத்து இடுப்பு பிடித்துப்போனவர்கள். அவர்களுக்குச் செய்ய மனசு இருந்தது. ஆனால் லாட்ஜ் ரூமுக்குப் போய்ச் செய்வது பாதுகாப்பில்லை. யாராவது கேட்டால் எடுத்துக்காட்ட என்னிடம் ஒரு சீட்டும் இல்லை.

அரசு வழியில் படிக்க ஆசைப்பட்டு விசாரித்தேன். சென்னை அரும்பாக்கத்திலும் பாளையங்கோட்டையிலும் இந்திய மருத்துவத்துறை நடத்தும் நர்சிங் தெரபி டிப்ளமோ இருக்கிறது. இரண்டரை வருஷப் படிப்பு. பிளஸ் டூவில் அறிவியல் படித்திருக்க வேண்டும். முடித்தால் அரசு சித்த மருத்துவமனைகளில் சிகிச்சை உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி முடித்த பிள்ளைகள் கட்டாயம் யோசிக்க வேண்டிய வழி. இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு எனக்கு அது ஒத்துவரவில்லை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவர்களைச் சோதித்துச் சான்று தரும் முறை மத்திய அரசின் திறன் திட்டத்தில் உண்டு என்று தெரிந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். இதற்கிடையில் ஒருவர், “வகுப்புக்கே வரவேணாம், பணம் கட்டுங்க, சர்டிபிகேட் கூரியர்ல வரும்” என்றார். அந்தப் பக்கமே போகாதீர்கள். உண்மையான சான்றிதழில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் பெயர் வரும். அதிகாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பயிற்சி சென்னையில். காட்பாடியில் விடியற்காலை ரயில் ஏறிப் போய்வந்தேன். தடவுதல், பிசைதல், தட்டுதல் என்று அவர்கள் சொல்லிக்கொடுத்த ஸ்வீடிஷ் முறை என் கைக்குப் புதிதாகத் தெரியவில்லை. நம் சித்த மருத்துவத்தில் உடம்பு பிடித்துவிடும் முறையான தொக்கணத்திலும் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை உண்டு. எனக்குப் புதிதாக இருந்தது, எங்கே கை வைக்கக்கூடாது என்ற பாடம்.

செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அம்மா கேட்டார்: “ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, கெண்டைக்கால் சூடா இருக்கு. வந்தவங்க அங்கேயே நல்லா அழுத்திப் பிடிக்கச் சொல்றாங்க. என்ன செய்வீங்க?” தொடவே மாட்டேன் என்றேன். ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், அழுத்தும்போது அது நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிடலாம். உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அடுத்து, படுத்திருந்த பெண்ணின் மேல் துணியைப் போர்த்தி, வேலை செய்யும் காலை மட்டும் வெளியே எடுத்து, முடிந்ததும் மூடிவிட்டு மற்ற காலுக்குப் போகச் சொன்னார். சர்க்கரை நோயாளிக்கு ஒத்தடம் கொடுக்கும் துணியின் சூட்டை முதலில் என் கையில் பார்க்கிறேனா என்றும் கவனித்தார். கால் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். இத்தனை வருஷம் இதையெல்லாம் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சான்றிதழைவிட இந்தப் பாடம்தான் பெரிது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சான்றிதழ் வந்த பிறகு இடம் தேடும் படலம். இதுதான் ரொம்ப இழுத்தது. வீட்டுக்காரர்கள் பேச்சை எடுத்ததுமே பின்வாங்கினார்கள். ஒரு பெரியவர் முகத்துக்கு நேராகவே, “இன்னாம்மா, மசாஜ்னா போலீஸ் வந்துகினே இருக்குமே, எங்க வூட்ல பொண்ணுங்க கீது” என்றார். அவர் பயம் நியாயமானது. பியூட்டி பார்லர் என்று சொல்லி வாங்கிவிடு என்று தெரிந்தவர்களே யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைத்துச் செய்ய ஆரம்பித்தால், சந்தேகப்படுகிறவர்கள் சொல்வது சரி என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். கடைசியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் சான்றிதழை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு மாடியைக் கொடுத்தார். வீட்டு மின் இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும், மாற்றினால் அந்த இணைப்புக்கு இலவச மின்சாரம் போய்விடும். முன்கூட்டியே சொன்னதால் அவர் சங்கடப்படவில்லை.

போலீஸ் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பித்தேன். ஸ்டேஷனிலிருந்து வந்த பெண் ஏட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். “யார் யார் வருவாங்க, எத்தனை மணி வரைக்கும்?” என்று கேட்டார். பெண்கள் மட்டும், ராத்திரி 7 மணியோடு சரி என்றேன். வருகிறவர்கள் பெயர் எழுதும் நோட்டைக் காட்டினேன். அறைக்குள் கேமரா இல்லையா என்று கேட்டார். வாசலிலும் வரவேற்பிலும் மட்டும்தான் வைத்திருந்தேன். ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவரின் உடல்சார்ந்த அந்தரங்கத்தைப் பாதிக்கும் என்று 2022 ஜனவரியில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னதை எடுத்துச் சொன்னேன். துணி விலக்கிப் படுத்திருக்கும் ஒரு பெண்ணை எந்தக் கேமராவும் பார்க்கக்கூடாது என்பதில் நான் உறுதி. அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம், சொத்துவரி ரசீது, ஆதார், திறன் சான்றிதழ், போலீஸ் சான்று எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்தார். டவல் துவைக்கும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்.

போர்டு எழுதுகிறவர் “பக்கவாதம், சர்க்கரை குணமாகும்னு போட்டா கூட்டம் வரும்க்கா” என்றார். 1954ஆம் வருஷ மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டத்தில் அந்த இரண்டு நோயுமே தடைப் பட்டியலில் இருக்கின்றன. பிசியோதெரபி என்றும் எழுதக்கூடாது, அதற்குத் தனிப் படிப்பு. ‘பெண்களுக்கு எண்ணெய் மசாஜ்’, கீழே உரிம எண், நேரம். அவ்வளவுதான் என் போர்டு.

குடியாத்தம், ஆரணி பக்கமிருந்தெல்லாம் கேட்கிறார்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். முதலில் சான்றிதழ், அடுத்து எல்லாம் தெரிந்து சம்மதிக்கும் வீட்டுச் சொந்தக்காரர், அப்புறம் போலீஸ், மாநகராட்சி அல்லது நகராட்சி. மசாஜ் டேபிளை உரிமம் கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். நான் ஆம்பூரில் செய்யச் சொல்லி வாங்கினேன், என் உயரத்துக்கு அளவெடுத்து. குனியாமல் வேலை செய்தால்தான் நம் இடுப்பு தாங்கும்.