குரல் உடைந்த பையன்

பக்கத்து வீட்டுப் பையன் இன்று "ஆன்ட்டி" என்று கூப்பிட்டான். பாதி கீச்சு, பாதி கட்டை. அவனுக்கே சிரிப்பு.

எனக்கு ஜோசப் ஹைடன் ஞாபகம் வந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் பெரிய ஆஸ்திரிய இசையமைப்பாளர்.

வியன்னாவின் புனித ஸ்டீஃபன் பேராலயத்தில் எட்டு வயதில் பாட வந்தவர். பூசை, பாட்டு, வயலின், கொஞ்சம் லத்தீன். சாப்பாடுதான் போதாது. பிரபுக்கள் வீட்டில் பாடப் போனால் ஏதாவது தின்னக் கிடைக்கும் என்பதற்காகவே நன்றாகப் பாடினாராம்!

இசைக் கோட்பாடு? பாடகர் குழுத் தலைவர் ராய்ட்டர் நடத்தியது இரண்டே பாடம் என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

குரல் உடைந்தது. தனிப்பாடல்கள் தம்பி மிஷாயேலுக்குப் போயின. 1749 வாக்கில் சக பையனின் சடையைக் கத்தரித்த குறும்புக்குப் பிரம்படி, அப்புறம் தெரு. (சடை வெறும் சாக்கு என்பது என் கட்சி.)

அவராவது ஹைடன். கூடப் பாடிய மற்ற பையன்கள் குரல் போனபின் எங்கே போனார்களோ?