பேண்டாக்கை ஏஐ ஏஜென்ட்டுக்குச் சொல்லிக்கொடுத்தல்: இதுவரை வந்திருக்கும் தூரம்

பழைய தமிழ்க் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆகவும் இ-பப் ஆகவும் ஆக்குவது எனக்குப் பிடித்த வேலை. வடிவ மாற்றம் முழுக்க பேண்டாக்கில்தான் நடக்கும். ஜான் மெக்ஃபார்லேன் 2006இல் வெளியிட்ட கட்டற்ற கருவி அது. மார்க்டவுன், வேர்ட், லாடெக், இ-பப் என்று ஏகப்பட்ட வடிவங்களுக்கு இடையே மாற்றித் தரும். சில வாரங்களாக இந்த மாற்றும் வேலையை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) தானே கட்டளைகளை ஓட்டி வேலை செய்யும் ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்துப் பார்க்கிறேன். அது வேலையைத் தொடங்கும் முன் படிப்பதற்காக, கோப்புறையின் தலைமட்டத்தில் ஏஜென்ட்ஸ்.எம்டி என்றொரு கோப்பை எழுதிவருகிறேன்.

அதில் எதை எழுதுவது என்பதுதான் முக்கியமான கேள்வி. பேண்டாக்கின் கையேடு மிக நீளம். அதைச் சுருக்கித் தருவதால் பெரிய பயன் இல்லை. பொதுவான ஃபிளாக்குகள் (கட்டளையுடன் சேர்க்கும் விருப்பக் குறிகள்) ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாதிரிக்குத் தெரியும். தெரியாததை ஹெல்ப் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும். கருவி வாய் திறக்காமல் தவறிப்போகும் இடங்களைத்தான் எழுதி வைக்க வேண்டும். மனிதர் பக்கத்தைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். ஏஜென்ட் பெரும்பாலும் எக்சிட் கோடை (நிரல் முடியும்போது தரும் எண்; 0 என்றால் பிழை இல்லை) பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

தமிழ் பிடிஎஃப் இதற்குச் சரியான உதாரணம். பிடிஎஃப் ஆக்கப் பேண்டாக் இயல்பாகக் கூப்பிடுவது பிடிஎஃப்லாடெக் என்ற பக்க அமைப்பு நிரலை. தமிழ் எழுத்தைக் கண்டதும் அது பிழை காட்டி நின்றுவிடும். யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஸீலாடெக்கைப் பயன்படுத்திப் பார் என்று பேண்டாக்கே யோசனையும் சொல்லும். ஏஜென்ட் அதை உடனே பிடித்துக்கொள்கிறது. ஆபத்து அதற்கு அப்புறம்தான். ஸீலாடெக்குக்குத் தமிழ் எழுத்துரு எதையும் சொல்லாவிட்டால், லத்தீன் மாடர்ன் எழுத்துருவில் ‘க’ இல்லை, ‘த’ இல்லை என்று எச்சரிக்கைகள் ஓடும். ஆனால் எக்சிட் கோட் 0. பிடிஎஃப் உருவாகிவிடும், தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றாக! ஏஜென்ட்டும் “முடிந்தது” என்று சொல்லிவிடும்.

ஆகவே பிடிஎஃப் பகுதியில் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்கியிருக்கிறேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ், அதனுடன் ஸ்கிரிப்ட் தமிழ் என்ற அமைப்பும் சேர வேண்டும். ‘ஃபெயில்-இஃப்-வார்னிங்ஸ்’ ஃபிளாக் எப்போதும் இருக்க வேண்டும்; அது இருந்தால் எச்சரிக்கை வந்தாலே பேண்டாக் எக்சிட் கோட் 3 உடன் தோல்வி என்று சொல்லும். கடைசியாக, பிடிஎஃப்பில் உள்ள எழுத்துருக்களைப் பட்டியலிடும் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, பட்டியலில் அந்த எழுத்துரு இருப்பதைக் காட்டிய பிறகுதான் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். ‘கவனமாகச் செய்’ என்ற வரியைவிட, ஓட்டிப் பார்க்கக்கூடிய ஒரு சோதனை எவ்வளவோ மேல். இப்போது ஒவ்வொரு அறிவுரைக்கும் கீழே அதைச் சரிபார்க்கும் கட்டளை ஒன்றையும் எழுதிவிடுகிறேன்.

இதேபோல் சத்தமில்லாமல் போகும் இன்னொன்று மெய்ப்புத் திருத்தம். நண்பர்கள் வேர்டில் டிராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தி அனுப்புவார்கள். பேண்டாக் அந்தக் கோப்பைப் படிக்கும்போது, வேறெதுவும் சொல்லாவிட்டால் எல்லாத் திருத்தங்களையும் ஏற்றுக்கொள்ளும். ஓரத்தில் எழுதிய கருத்துகளை விட்டுவிடும். “இந்தச் சொல் மூலத்தில் இப்படித்தானா, பாருங்கள்” என்று ஒருவர் மெனக்கெட்டு எழுதிய குறிப்பு காணாமல் போவதை என்னால் ஏற்க முடியாது. டிராக் சேஞ்சஸ் ஃபிளாக்கை ‘ஆல்’ என்று வைக்கச் சொன்னேன். சேர்த்தது, நீக்கியது, கருத்து எல்லாம் குறிகளுடன் மார்க்டவுனில் வந்துவிடுகின்றன. ஏஜென்ட் அவற்றைத் தொகுத்துக் காட்ட வேண்டும், தானாக முடிவெடுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறேன்.

வரி மடிப்பு சின்ன விஷயம். பேண்டாக் மார்க்டவுன் வரிகளை இயல்பில் 72 நெடுவரிசைக்குள் மடித்துத் தரும். ஒரு சொல் மாறினாலும், கோப்பின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பத்தியே மாறியதாகத் தெரியும். மடிக்காதே என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

யூனிகோட் பகுதி இன்னும் வளர வேண்டும். ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. ஏஜென்ட் ஓட்டும் கிரெப் என்ற தேடல் கட்டளைக்கு வேறு வேறு. அதனால் ‘கொடி’யைத் தேடி, பாதி இடங்களை விட்டுவிட்டு, மீதியை மட்டும் திருத்த வாய்ப்புண்டு. மாற்றிய கோப்பை முதலில் என்எஃப்சி வடிவத்துக்கு (இப்படிப் பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) கொண்டுவரும் சிறு பைத்தான் நிரல் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். தேடுவது அதற்குப் பிறகுதான்.

ஆவணத்தைச் சோதிக்கும் முறை எளிது. முந்தைய உரையாடல் எதுவும் இல்லாத புதிய அமர்வைத் திறந்து, ஒரு கட்டுரையை மட்டும் கொடுத்து, எங்கே தடுமாறுகிறது என்று பார்க்கிறேன். தடுமாறிய இடத்தில் அரட்டையில் விளக்குவதில்லை. கோப்பையே திருத்திவிட்டு மறுபடி புதிதாகத் தொடங்குகிறேன். அது தடுமாறாமலே செய்துவிடும் விஷயங்கள் கோப்பில் இருந்தால் நீக்கிவிடுகிறேன். கோப்பு சுருங்கச் சுருங்க, இருக்கும் வரிகளை அது இன்னும் ஒழுங்காகப் பின்பற்றுவதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்தது இ-பப். மெட்டாடேட்டாவில் மொழி தமிழ் என்று குறிப்பிடுவது, உருவான கோப்பை இ-பப் பிழைகளைச் சோதிக்கும் இபப்செக்கில் ஓட்டுவது என்று இரண்டு வரி எழுதியாயிற்று. அடிக்குறிப்புகள் நிறைய உள்ள ஒரு கட்டுரையைக் கொடுத்துப் பார்த்துவிட்டு மீதியை எழுதுகிறேன்.