பாதாளச் சாக்கடை எஸ்டிமேட்டில் ஒளிந்திருக்கும் பாறை

பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் செலவு எகிறினால் எல்லாரும் காண்ட்ராக்டரைத்தான் திட்டுவார்கள். கமிஷனும் தாமதமும் இல்லாமலில்லை. ஆனால் பெரிய ஓட்டை டெண்டருக்கு முன்பே, எஸ்டிமேட்டில் ‘பாறை’ என்ற ஒற்றை வரியில் விழுந்துவிடுகிறது. வேலூர் மாதிரி ஒருபுறம் மலை, மறுபுறம் ஆறு என்று இருக்கும் ஊரில் கேட்கவே வேண்டாம்.

சாக்கடை தானாக ஓட வேண்டும். 200 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு வைத்தால், சமதரையில் 400 மீட்டர் போவதற்குள் குழாய் 2 மீட்டர் இறங்கிவிடும். 1 மீட்டர் ஆழத்தில் தொடங்கியது 3 மீட்டரில் நிற்கும். வேலூரின் சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் அந்த ஆழத்தில் என்ன இருக்கும் என்று கிணறு வெட்டுகிறவரைக் கேட்டாலே தெரிந்துவிடும். எஸ்டிமேட்டிலோ இரண்டு மூன்று சோதனைக் குழியோடு ‘பாறை 10 சதவீதம்’ என்று முடித்துவிடுவார்கள். கூட்டி எழுதினால் தொகை ஏறும், அனுமதி இழுக்கும்.

1 கிலோமீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், சராசரி 3 மீட்டர் ஆழம்: 3,000 கன மீட்டர். கணக்குக்காக, கன மீட்டருக்கு மண் தோண்ட ரூ.200, பாறை உடைக்க ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். பாறை 10 சதவீதம் என்றால் ரூ.8.4 லட்சம். தோண்டும்போது 40 சதவீதம் வந்தால் ரூ.15.6 லட்சம்.

சூட்சுமம் இதற்கு அப்புறம்தான். ஊர் மண்ணை அறிந்த காண்ட்ராக்டர் மண்ணுக்கு ரூ.140, பாறைக்கு ரூ.1,500 போடுவார். டெண்டரில் உள்ள 10 சதவீதப் பாறை அளவுப்படி கூட்டினால் ரூ.8.28 லட்சம், எஸ்டிமேட்டுக்கும் கீழே! வேலை அவருக்கே. 40 சதவீதப் பாறை வந்ததும் பில் ரூ.20.52 லட்சம். இதில் பொய்க்கணக்கு ஒன்றுமில்லை. எம்-புக்கில், அதாவது முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேட்டில், ஏறியதெல்லாம் நிஜப் பாறை. அளவு ரொம்ப மாறினால் விலையை மறுபடி பேசலாம் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

தெருவுக்குள் வெடி வைக்க முடியாது. பாறை உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தால் கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். நாள் கூடக் கூட இயந்திர வாடகை, தடுப்பு, காவல் எல்லாம் ஏறும்.

விருதம்பட்டுப் பக்கம், பாலாற்றங்கரையில் பிரச்சினை வேறு. மணலும் ஊற்றும். முட்டுக் கொடுக்காவிட்டால் பக்கம் சரியும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 1 மீட்டர் பள்ளம் சரிந்து 2 மீட்டர் ஆனால், திரும்பப் போட வேண்டிய சாலையின் அகலமும் இரண்டு மடங்கு. இதை எஸ்டிமேட்டில் யாரும் நினைப்பதே இல்லை.

குறுக்கே வரும் பழைய குடிநீர்க் குழாய், கேபிள் எல்லாம் தனி. வரியும் நடுவில் மாறும்: அரசு ஒப்பந்த வேலைகளுக்கான ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

குழாய் ஆழமாகப் போகும் மேன்ஹோல் இடங்களிலும் பம்பிங் ஸ்டேஷனிலும் குழாயின் அடிமட்டம் வரை துளை (போர்) போட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, பின்னால் திருத்திய நிர்வாக அனுமதி என்று மறுபடி கேட்டு வாங்கும் கூடுதல் தொகைக்கு முன் கொசுறு. டெண்டரை ஒப்பிடும்போதும் பாறை அளவைக் கூட்டிக் குறைத்து ஒருதரம் போட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன எஸ்டிமேட் விலையிலேயே இன்னொருவர் டெண்டர் போட்டிருந்தால், பாறை 11 சதவீதத்தைத் தொட்டாலே குறைந்த விலைக்காரர் மாறிவிடுகிறார்.