உள்ளேன் ஐயா

டிரெஸ்டன் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியதுமே நண்பன் எனக்கு முதல் பாடத்தை எடுத்துவிட்டான். "மாப்ள, இதுக்குப் பேரு எஸ்கலேட்டர்." வலப்பக்கம் நிற்க வேண்டும், இடப்பக்கம் நடந்து போகிறவர்களுக்கு. இது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் பெயரிலிருந்தா ஆரம்பிப்பார்கள்? மதுரையில் ஒரே காலேஜில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேப்பரில் அரியர் வைத்தவர்கள் நாங்கள். அவன் மூன்று வருடம் முன்னால் ஜெர்மனிக்கு வந்துவிட்டான். முதலில் மியூனிக், அப்புறம் வேலை மாறி இங்கே. அந்த மூன்று வருடத்தில் நான் கற்காலத்திலேயே நின்றுவிட்டதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

அடுத்த நாள் பாட்டில் பாடம். சூப்பர்மார்க்கெட் வாசலில் இருக்கும் இயந்திரத்தின் முன்னால் என்னை நிறுத்தினான். ஒருமுறை குடித்துவிட்டுப் போடும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். வாங்கும்போதே விலையோடு பிடித்துவிடுவார்கள், காலி பாட்டிலை உள்ளே தள்ளினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்துக் காசாக்கலாம். இதற்குப் பெயர் ஃபாண்ட். "நம்ம ஊர்ல இந்த கான்செப்டே கிடையாது" என்றான். சிம்மக்கல்லில் என் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். காலி சோடா பாட்டிலை எண்ணி வைத்துவிட்டுத்தான் ஹோம்வொர்க்கே எழுதுவேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்காமல் டெபாசிட் கேட்டு வந்தவர்களோடு எத்தனை சண்டை! இதெல்லாம் அவனுக்கும் தெரியும். எங்கள் கடையில் கலர் குடித்துவிட்டு இன்னும் காசு பாக்கி வைத்திருப்பவன் அவன்.

எல்லாவற்றையும் தாண்டியது 'டூ', 'ஸீ' பாடம். நெருங்கியவர்களை 'டூ' என்றும், பெரியவர்களையும் அறிமுகமில்லாதவர்களையும் 'ஸீ' என்றும் கூப்பிட வேண்டும். "இது நமக்குப் புரியறது கொஞ்சம் கஷ்டம்டா" என்று அரை மணி நேரம் விளக்கினான், தமிழில். நடுவில் அவன் அம்மாவின் போன் வந்தது. "நீங்க சாப்டீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் மூடியிருக்கும். அதனால் நாங்கள் ஆறு பேர் யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் சமைப்போம். அங்கேதான் எங்கள் சொல் பிறந்தது. நண்பன் "பேசிக்கலி" என்று தொண்டையைச் செருமினால் வகுப்பு ஆரம்பம். ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் "உள்ளேன் ஐயா" என்றார். அன்றோடு அது நிலைத்துவிட்டது. "நேத்து டிராம்ல இருபது நிமிஷம் உள்ளேன் ஐயா", "இன்னைக்கு எத்தனை பீரியட்?", "மணி அடிச்சிரு, ரசம் கொதிக்குது." அறுவை, ரம்பம், பிளேடு என்று நமக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அறுக்கிறவன் தன்பாட்டுக்கு அறுப்பான், கேட்பவனை முட்டாள் என்று நினைப்பதில்லை. இவன் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் "புரியுதுல்ல?" என்று நிறுத்தி, நம் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இன்னும் ஈஸியா சொல்றேன்" என்பான். அந்த இடைவெளிதான் தாங்காது.

அவன் சொன்னது எதுவும் தப்பில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வைத்தவன் அவன்தான். கண்ணாடிக் குப்பையை வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரிப்பார்கள். நீல நிற பாட்டிலைப் பச்சையில் போட வேண்டும். நானாக இருந்தால் அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் தெருவிலேயே நின்றிருப்பேன்.

அலுவலகத்தில் இதை ஒருநாள் சொன்னேன். ஜெர்மன்காரர்கள் குஷியாகிவிட்டார்கள். இந்த ஆசாமிக்கு அவர்களிடம் ஒரு அகராதியே இருக்கிறது. தலைமை வாத்தியார் என்ற பொருளில் 'ஓபர்லேரர்'. ஒன்பது மடங்கு அறிவாளிக்கு 'நொயின்மால்க்ளூக்'. 'க்ளூக்‌ஷைஸர்' என்றால் அறிவாகப் பேள்பவன். மன்னிக்கவும், அதற்கு மதுரைத் தமிழ்தான் சரியாக வருகிறது.

ஓய்வு பெறும் வயதில் இருந்த சக ஊழியர் ஒரு அம்மா, "மியூனிக்கிலிருந்தா வந்தான்? அப்போ அவன் பெஸ்ஸர்வெஸ்ஸி" என்றார். எல்லாம் தெரிந்தவன் 'பெஸ்ஸர்விஸ்ஸர்'. மேற்கு ஜெர்மன்காரர் 'வெஸ்ஸி'. மியூனிக் அந்த மேற்கில், எங்கள் டிரெஸ்டன் பழைய கிழக்கு ஜெர்மனியில். இரண்டையும் முடிச்சுப் போட்ட சொல் இது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், மேற்கிலிருந்து அதிகாரிகளும் மேலாளர்களும் கிழக்கே வந்து எடுத்ததற்கெல்லாம் பாடம் நடத்தியபோது புழக்கத்துக்கு வந்ததாம். அந்த அம்மா சின்ன வயதில் தெருத்தெருவாகப் பாட்டிலும் பழைய பேப்பரும் சேர்த்து, கிழக்கு ஜெர்மனியின் அரசுக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் கைக்காசு சம்பாதித்தவர். இணைப்புக்குப் பிறகு மேற்கிலிருந்து வந்த ஒருவர் அவரை உட்கார வைத்து, காலி பாட்டிலைத் தனியாகப் பிரிப்பது எப்படி என்று விளக்கினாராம். எனக்கு அப்பாவின் கடை ஞாபகம் வந்தது. இருவரும் காபி ஆறும்வரை சிரித்தோம்.

அந்த ஞாயிறு பிரியாணி தம்மில் இருந்தது. நண்பன் நான் தட்டு அடுக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். இதுதான் நேரம் என்று, "நீ ஒரு பெஸ்ஸர்வெஸ்ஸிடா" என்றேன். அவன் கோபப்படவில்லை. கரண்டியைக் கீழே வைத்தான்.

"மாப்ள, பேசிக்கலி அது ரெண்டு வார்த்தை. 1991ல ஜெர்மனியோட 'அந்த ஆண்டின் சொல்'லா அதைத்தான் தேர்ந்தெடுத்தாங்க. நீ உச்சரிப்பைக் கொஞ்சம் மாத்தணும். வெஸ்ஸிங்கறது யாருன்னா... புரியுதுல்ல?"

சமையலறையிலிருந்து ஐந்து குரல்கள் வரிசையாக வந்தன.

"உள்ளேன் ஐயா."