ஸ்டேக்கின் மிருது கடையிலேயே தீர்மானமாகிறது

எங்கள் பக்கத்து வீடுகளில் மாட்டிறைச்சி என்றால், மிளகும் மல்லியும் அரைத்துச் சேர்த்து நெடுநேரம் அடுப்பில் கிடக்கும் கறிதான். அந்தக் கறிக்குப் பழகிய கை ஸ்டேக் செய்யப் புறப்படும்போது மசாலாவைப் பற்றியும் நெருப்பைப் பற்றியுமே யோசிக்கிறது. ஆனால் அது மிருதுவாக வருமா, சப்பாத்துத் தோல்போல இழுபடுமா என்பதில் பெரும்பங்கு இறைச்சிக் கடையிலேயே முடிந்துவிடுகிறது.

காலும் கழுத்தும் தோளும் நாள் முழுக்க உழைக்கும் தசைகள். அவற்றில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் மிகுதி. ஈரச் சூட்டில் மணிக்கணக்காக வெந்தால்தான் அது ஜெலட்டினாக இளகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், பிரஷர் குக்கர் இல்லாத வீட்டில் கறி இன்னும் தாமதமாகும். ஸ்டேக்கோ பத்து நிமிடம்கூடச் சட்டியில் இருப்பதில்லை. ஆகவே உழைக்காத தசையைத் தேடிப் பிடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்குக் கடையில் சொல்லும் பெயர் அண்டர்கட். முதுகெலும்பின் உட்புறத்தில் பக்கத்துக்கு ஒன்றாக, ஒரு மாட்டுக்கு இரண்டே இருப்பதால் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. வாங்கும்போது கவனமெல்லாம் கத்தியின்மேல் இருக்க வேண்டும்.

“நானா, அண்டர்கட் முழுசா வேணும், துண்டு போட்டுறாதீங்க.”

“கறிக்கு இல்லையா? அப்ப அப்படியே சுத்தித் தாறேன்.”

இதைச் சொல்லத் தவறினால், பழக்கதோஷத்தில் அது கறித்துண்டுகளாகிவிடும். பால் வற்றிய பசுக்களின் இறைச்சியும் நம் கடைகளுக்கு வருவதால், படங்களில் காணும் வெண்கொழுப்புக் கோடுகளை எதிர்பார்க்க வேண்டாம். நார்கள் மெல்லியனவாக, நெருக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கொழுப்பு மஞ்சளாக இருப்பதை வைத்து மாடு கிழடு என்று தீர்ப்பளிக்கவும் கூடாது, புல் மேய்ந்த மாட்டுக்கும் அந்த நிறம் வரும்.

அன்று காலை அறுத்த இறைச்சியே சிறந்தது என்ற நம்பிக்கை ஸ்டேக்குக்குப் பொருந்தாது. அறுத்த பின் தசை விறைத்து, பிறகு அதிலுள்ள நொதிகளால் மெல்ல இளகுகிறது. 4 பாகைக்குக் கீழே குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று நாள் மூடி வைத்தால் வித்தியாசம் தெரியும். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடைகள் மூடியிருப்பதையும் கணக்கில் வைத்து வாங்க வேண்டும். பப்பாசிக்காய் பூசும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. மேற்புறம் கூழாகிறது, உள்ளே ஒன்றும் மாறுவதில்லை.

சமையல் சுருக்கமானது. மேலே படர்ந்திருக்கும் வெள்ளிநிறச் சவ்வைக் கத்தி நுனியால் உரித்து, ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் வெட்டி, முக்கால் மணி நேரத்துக்கு முன்பே உப்பிட்டு வைக்க வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால் சட்டியில் போடும்போது உப்பிடலாம். இடைப்பட்ட நேரத்தில் இட்டால் ஊறிவந்த நீர் மேலேயே தேங்கி நிற்கும். எப்படியானாலும் துணியால் ஒற்றிக் காயவைப்பது கட்டாயம், ஏனெனில் ஈரம் ஆவியாகி முடியும்வரை மேற்புறம் சிவந்து மணக்காது. கனமான இரும்புச் சட்டி புகையத் தொடங்கும்போது எண்ணெய் தடவிய இறைச்சியைப் போட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிடமளவில் விட்டு, கடைசியில் பட்டரும் தட்டிய பூண்டும் சேர்க்கலாம். நடுவே 55 பாகை என்றால் உள்ளே இளஞ்சிவப்பு. 70ஐத் தாண்டினால் சாறு வற்றிவிடும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 63 பாகையையும் மூன்று நிமிட ஓய்வையும் பரிந்துரைக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நானும் அதையே பின்பற்றுவேன். தட்டில் கசியும் சிவப்பு நீரைக் கண்டு அவர்கள் முகம் சுளிப்பார்கள். அது இரத்தமன்று, மையோகுளோபின் என்னும் சிவப்புப் புரதம் கலந்த தசைநீர்.

ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாரோட்டத்துக்குக் குறுக்கே வெட்டி, வேகவைத்த உருளைக்கிழங்கோடும் பட்டரில் வதக்கிய லீக்ஸோடும் பரிமாறலாம். அண்டர்கட்டின் மெலிந்த வால்நுனி ஸ்டேக்குக்கு உதவாது; அதை மெல்லிய கீற்றுகளாக அரிந்து, கறிமிளகாயும் வெங்காயமும் போட்டு மறுநாள் டெவல் செய்துவிடலாம்.