எடை பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்

அமெரிக்காவின் கொலராடோவில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது இதுதான்: பயணத்தில் உள்ளேயே தங்குகிற எங்கள் வேனை நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாற்றித் தர முடியுமா? முடியும். ஃபோர்டு ஈ-350 என்றால் தாராளமாக முடியும். 1975-லிருந்து அந்த வேனுக்கு லாரி மாதிரி தனி சேஸிஸ் இருக்கிறது, வெட்டவும் வெல்டிங் வைக்கவும் கீழே இடம் உண்டு. ஆனால் 2014-ல் முழு வேன் தயாரிப்பை நிறுத்தும்வரை ஃபோர்டு தன் தொழிற்சாலையில் அதற்கு நாலு சக்கர ஓட்டம் கொடுக்கவே இல்லை. பென்சில்வேனியாவில் குவிக்லி, கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் ஸ்போர்ட்ஸ்மொபைல் என்று சிலர் அந்த மாற்றத்தையே பெரிய தொழிலாக வளர்த்தார்கள். எங்களுடையது சின்னப் பட்டறை, செய்யும் வேலை அதேதான்.

கேட்க வருகிறவர்கள் முன் ஆக்ஸிலைப் பற்றிக் கேட்பார்கள், டயர் எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று கேட்பார்கள். வண்டியை எது தாங்கப்போகிறது என்று கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. எனக்கு இந்த வேலையில் முக்கியமாகப் படுவது அதுதான், பணமும் நேரமும் போக வேண்டிய இடமும் அதுதான்.

முதலில் ஆக்ஸில் கதையைச் சொல்லிவிடுகிறேன். வேனில் முன்னால் இருப்பது ட்வின் ஐ-பீம், இரண்டு தனித்தனி இரும்புக் கைகள். அதைக் கழற்றிவிட்டு ஃபோர்டின் சூப்பர் டியூட்டி லாரியில் வரும் டேனா 60 என்ற கனமான ஒற்றை ஆக்ஸிலை வைக்கிறோம். 2005-க்குப் பிறகு வந்த ஆக்ஸில் என்றால் காயில் ஸ்பிரிங்கோடு கிடைக்கும். பழைய கைகள் தொங்கிய பிராக்கெட்டுகள் எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்திலேயே இருப்பதால் அதையும் வெட்டித் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் வண்டி பள்ளத்தில் இறங்கும்போது டிஃபரன்ஷியல் (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) மேலே வந்து இடிக்கும். கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டியிருக்கும், எஞ்சின் சக்தியை முன் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஏறுவதற்கு அதன் பின் ஷாஃப்ட்டும் மூடியும் வேறு வகை வேண்டும். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியலுக்குள் ஒரே கிரவுன்-பினியன் பல்சக்கர விகிதம் இருக்க வேண்டும், முன்னால் 4.10 என்றால் பின்னாலும் அதுவே. இதற்கெல்லாம் நடுவில் ஒரு சங்கடம்: வேனின் ஹப்பில் எட்டு போல்ட் வட்டம் 165.1 மி.மீ., 1999-லிருந்து வந்த சூப்பர் டியூட்டியில் அது 170 மி.மீ. கண்ணால் பார்த்தால் தெரியாது, சக்கரமோ உட்காராது. அதனால் முடிந்தவரை பின் ஆக்ஸிலையும் அதே லாரியிலிருந்து எடுத்துவிடுகிறோம். ஒரே ஸ்டெப்னி நாலு பக்கத்துக்கும் பொருந்தும் என்பது பாலைவனத்தில் நிற்கும்போதுதான் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

போன வருடம் ஒரு தம்பதி வேறொரு பட்டறையில் மாற்றிய வேனைக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, நல்ல வெல்டிங். ஆனால் நெடுஞ்சாலையில் அந்த அம்மா ஓட்டவே பயப்படுகிறார். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டி தானாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அலைகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நானும் ஓட்டிப் பார்த்தேன், கை வலித்தது.

காரணம் தேடப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. வண்டியை உயர்த்தியதும் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் செங்குத்தாகச் சாய்கிறது, அதைச் சரிசெய்ய ஆக்ஸிலையே சுழற்றி, ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் முனையை மேலே தூக்கி வைத்திருக்கிறார்கள். ஷாஃப்ட்டுக்கு அது நல்லது. ஆனால் சக்கரம் திரும்பும் அச்சும் அதே ஹவுசிங்கில்தான் வெல்டிங்காகி இருக்கிறது. பினியன் மேலே போனால் காஸ்டர் குறையும், அதாவது திருப்பிய சக்கரத்தை நேர்க்கோட்டுக்குத் தானாக இழுத்துவரும் அந்தப் பின்சாய்வு போய்விடும். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்றை வாங்க முடியும். இரண்டும் வேண்டுமென்றால் ஆக்ஸில் முனையில் இருக்கும் சி வடிவ நக்கிள்களை வெட்டி, திருப்பி, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். மெதுவான வேலை, பலர் விட்டுவிடுவது இதைத்தான். நாங்கள் அதைச் செய்தோம். ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ட்ராக் பாரையும், ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் (drag link) கம்பியையும் ஒரே சாய்வுக்குக் கொண்டுவந்தோம். அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும்.

அப்புறம்தான் ஸ்பிரிங். அந்த வண்டியில் போட்டிருந்தது காலி வேனுக்கான ஸ்பிரிங். உள்ளேயோ கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பேட்டரி, மேலே கூரைச் சுமை. தண்ணீர்த் தொட்டி மட்டும் நிறைந்தால் லிட்டருக்கு ஒரு கிலோ. பின்பக்கம் உட்கார்ந்துபோய், உயரம் போதாமல் பின் ஸ்பிரிங்கான கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டைகளைச் செருகியிருந்தார்கள். கட்டை உயரம் தரும், தாங்கும் பலம் தராது, ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். நாங்கள் நாலு சக்கரத்துக்கும் தனித்தனி தராசு வைத்துப் பார்த்தோம். சமையலறையும் பேட்டரியும் ஒரே பக்கம் என்பதால் இடது பின்பக்கம் நன்றாகவே கனத்தது. எடைச் சீட்டைக் கொடுத்து, கமான் பட்டையை அந்த எடைக்கே வளைத்துச் செய்யச் சொன்னோம், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஷாக் அப்சார்பரை அதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்தோம். கட்டையைக் கழற்றி எறிந்தோம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாலு சக்கர ஓட்டம் தேவைப்படுவது பயணத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான். கொலராடோவின் சான் ஹுவான் மலைகளின் கல் பாதைக்குப் போகவே பல மணி நேரம் தார்ச்சாலை. அந்தத் தார்ச்சாலையில் ஓட்டுகிறவருக்குப் பயம் வந்தால் வேன் வீட்டு வாசலிலேயே நிற்கும், அடியில் இருக்கும் டேனா 60-க்கு அர்த்தமே இல்லை. இன்னொன்று, இந்த மாற்றத்தால் வேன் சட்டப்படி சுமக்கக்கூடிய மொத்த எடை கூடுவதில்லை. ஆக்ஸிலும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தங்கள் எடையையும் சேர்த்துக்கொள்கின்றன, அதனால் சாமானுக்கு மிஞ்சுவது முன்னைவிடக் குறைவு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது பட்டறையின் கடமை என்று நினைக்கிறேன், ஆர்டர் போனாலும் சரி.

அந்த அம்மாதான் வண்டியை எடுத்துப்போனார். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்க வரச் சொல்லியிருந்தோம், அதற்கும் அவரே ஓட்டி வந்தார்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், பயணத்துக்குக் கிளம்புவது போல முழுச் சாமானோடு வரச் சொல்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. விலை சொல்வதற்கே எடை எதற்கு என்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி காலியாக வந்தால் எங்கள் குழாயிலேயே நிரப்பிவிட்டு, அப்புறம்தான் தராசில் ஏற்றுகிறேன்.