நுரை பொங்கினால் புண் ஆறாது

குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்ததில் எந்த ஊரில் கொப்புளம் கிளம்பியதோ, அப்பச்சிக்குத் தெரியவில்லை. சர்க்கரையில் பாதம் மரத்துப்போன கால். வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் ரத்தத் தடத்தைப் பார்த்து ஆத்தாதான் கண்டுபிடித்தது. பெருவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவு.

காரைக்குடியில் முதலில் போன இடத்தில் தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கட்டினார்கள். நுரை பொங்கும். "அழுக்கெல்லாம் வருது பாருங்க" என்பார் கட்டுப் போடுபவர். மூன்று வாரம் போனது, புண் அப்படியே இருந்தது. அந்தத் திரவம் கிருமியோடு நிற்பதில்லை. புதுச் சதை கட்ட வரும் செல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

சர்க்கரைப் புண்ணில் ஏற்கெனவே செல் சாவு அதிகம். காயத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோபில் என்ற வெள்ளை அணு வேலை முடிந்ததும் அடங்கிச் சாகும், அப்போப்டோசிஸ் என்பார்கள். மேக்ரோபேஜ் என்ற இன்னொரு வெள்ளை அணு அதை விழுங்கும். விழுங்கிய பிறகுதான் சண்டையை விட்டுச் சதை வளர்க்கும் வேலைக்கு அது மாறும். சர்க்கரை ஏறிய உடம்பில் இந்த விழுங்கல் மந்தம். எடுக்க ஆளில்லாத பிணங்கள் வெடித்து, உள்ளே இருக்கும் நொதிகள் கசிந்து, வீக்கம் அடங்காமல் கிடக்கும். போதாததற்குச் சில நியூட்ரோபில்கள் தம் டிஎன்ஏவையே வலையாக உமிழ்ந்து சாகும். கிருமி பிடிக்கத்தான் அந்த வலை, ஆனால் அது கிடக்கிற வரை தோல் மூடத் திணறும். 2015-இல் வந்த ஆய்வில், வலையைக் கரைக்கும் நொதி கொடுத்த சர்க்கரை எலிகளுக்குப் புண் சீக்கிரம் ஆறியது. புண்ணடியில் மஞ்சளாக ஒட்டியிருக்கும் படலத்தில் இந்தச் செத்த சரக்கெல்லாம் இருக்கிறது. மேலே பொடி தூவினால் போகாது, பெரும்பாலும் மருத்துவர் கத்தியால் சுரண்டி எடுப்பார்.

புண் ஆறாததால் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், முதல் பயணம் வீண். காப்பீட்டு அட்டையில் இனிஷியல் ஒன்று, ஆதாரில் வேறொன்று. கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டாம் முறை கணுக்கால் அழுத்தம் பார்த்தார்கள். கையில் இருக்கும் அழுத்தத்தைப்போல் 1.4 மடங்கு. "ரத்த ஓட்டம் பிரமாதம்" என்றார் டெக்னீஷியன். பிரமாதமெல்லாம் இல்லை. தமனியில் சுண்ணாம்பு படிந்தால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது, எண் பொய்யாக ஏறும். 1.3-க்கு மேல் வந்தால் கால்விரல் அழுத்தத்தைக் கேட்டு வாங்குங்கள். கேட்டோம், ஓட்டம் போதுமென்று அப்புறம்தான் உறுதியானது.

பிறகு எல்லாம் வழக்கம்போல: வாரம் ஒரு சுரண்டல், சலைன் கழுவல், ஒட்டாத கட்டு, பாத பாரத்தைப் பரப்பிவிடும் மாவுக்கட்டு. சீழோ ரத்த ஓட்டக் குறைவோ இருந்தால் இந்த மாவுக்கட்டை அவசரப்பட்டுப் போடக்கூடாது. வாரம் ஒருமுறை ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். நாலு வாரத்தில் பரப்பு பாதியாகாவிட்டால் வைத்தியத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். எங்களுக்குப் பாதிக்கும் கீழே வந்தது, பதினோராம் வாரம் மூடியது.

அடுத்த தைக்கு எம்சிஆர் என்ற மெத்து ரப்பர் செருப்போடு காரில் வர அப்பச்சி சம்மதித்திருக்கிறார். செருப்பைக் கோயில் வாசலில் கழற்றுவதா வேண்டாமா என்றுதான் வீட்டில் பஞ்சாயத்து ஓடுகிறது.